செவ்வரத்தை இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது ஏன்?

இது கிருமியால் வரும் நோய் இல்லை, இரும்புச்சத்துக் குறை. இலைக்குப் பச்சை நிறம் தருகிற பொருளை உண்டாக்கச் செடிக்கு இரும்பு வேண்டும். அது கிடைக்காதபோது நுனித் துளிர்தான் முதலில் வெளிறும், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். அடியிலைகள் மஞ்சளாகி, துளிர் பச்சையாகவே இருந்தால் அது வேறு, பெரும்பாலும் தழைச்சத்துக் குறை.

யாழ்ப்பாணத்தில் இதற்குக் காரணம் நிலம்தான். கீழே சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு (கேத்தில் அடியில் படிகிற வெள்ளையைப் பாருங்கள்), அந்தக் காரத்தன்மையில் மண்ணிலுள்ள இரும்பு கரையாமல் கிடக்கிறது. சாப்பாட்டை அலுமாரியில் பூட்டிவிட்டுத் திறப்பைத் தொலைத்த கதைதான். வெட்சிக்கும் இதே பாடு.

சரி, என்ன செய்யலாம்? ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேற் (தண்ணீரில் கரையும் இரும்பு உப்பு) கரைத்து, பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு ஒன்றிரண்டு கிளையில் தெளித்துப் பார்த்து, இலை கருகாவிட்டால் முழுச் செடிக்கும் தெளியுங்கள். ஆனால் அது தற்காலிகம். மக்கிய எருவும் இலைகுழையும் அடியில் போட்டு, மாரியில் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுவதுதான் நின்று பலன் தரும். சாம்பல் மட்டும் போடவே போடாதீர்கள், காரம் இன்னும் கூடிவிடும்.

கறள் பிடித்த ஆணியை வேரடியில் புதைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் கறளும் கரையாத இரும்புதான், இந்த மண்ணில் அது செடிக்குச் சேராது.