மகன் ஓட்டினால் கார் இன்ஷூரன்ஸ் செல்லுமா?

கேள்வி: என் பெயரில் 1,197 சிசி பெட்ரோல் கார் இருக்கிறது. வாங்கி மூன்று ஆண்டு முடிந்துவிட்டது, இதுவரை க்ளெய்ம் எதுவும் இல்லை. மனைவியும் ஓட்டுவார். 19 வயது மகன் இப்போது எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறான். "பையன் பெயரைப் பாலிசியில் சேர்க்காவிட்டால் க்ளெய்ம் வராது, சேர்த்தால் பிரீமியம் எகிறிவிடும்" என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் தம்பி. காரை மகன் பெயருக்கே மாற்றிவிடலாமா? 17 வயது மகளும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். - கோவை வாசகர்

பதில்: தம்பி சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. அங்கே வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள், வயது என்ன என்று பார்த்துத்தான் பிரீமியம் போடுவார்கள். நம் ஊரில் பாலிசி வண்டியைப் பார்த்துப் போடப்படுகிறது. தேர்ட் பார்ட்டி பிரீமியம் (நம் காரால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) இன்ஜின் சிசியைப் பொறுத்து அரசு நிர்ணயிப்பது. 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த தொகை 3,416 ரூபாய். ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான) பிரீமியமோ காரின் மதிப்பு, வயது, சிசி, பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்தது. மகன் ஓட்டுவதற்காக இரண்டும் ஏறாது. அவன் பெயரைச் சேர்க்கவும் வேண்டாம்.

பாலிசியை எடுத்து 'டிரைவர்' என்ற பத்தியைப் படியுங்கள். விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் எவரும் ஓட்டலாம் என்றிருக்கும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 3-வது விதிப்படி நடந்திருக்க வேண்டும். அதாவது கார் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வது கணக்கில் வராது. முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். பலகை 18 செ.மீ. சதுரத்துக்கும் எழுத்து 10 செ.மீ. உயரத்துக்கும் குறையக் கூடாது. எல்.எல்.ஆரின் ஆயுள் 6 மாதம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். காலாவதியானால் லைசென்ஸ் இல்லாததற்குச் சமம். இதே ரகத்தில் பலர் சறுக்கும் இன்னொரு இடம்: பையனிடம் பைக் லைசென்ஸ் இருக்கிறதே என்று கார் சாவியைக் கொடுப்பது. கார் வகை லைசென்ஸில் ஏறியிருக்காவிட்டால் அது காருக்குச் செல்லாது.

இதில் ஒன்று தவறினாலும் உங்கள் கார் சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம். எதிரே இருப்பவர் காயமடைந்திருந்தால் இழப்பீட்டை முதலில் நிறுவனமே கட்ட வேண்டும், பிறகு உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவது உண்டு. உயிரிழப்பு, காயத்துக்கான தேர்ட் பார்ட்டி பொறுப்புக்கு உச்சவரம்பே கிடையாது. அந்தத் தொகை உங்கள் தலையில் விழுந்தால் வீடு தாங்காது.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். மகனோ மனைவியோ ஓட்டும்போது அவர்களுக்கு அது கிடையாது. தேர்ட் பார்ட்டியிலும் கேட்க முடியாது. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் நிங்கம்மா வழக்கிலும் 2020-ல் ராம்கிலாடி வழக்கிலும் சொல்லிவிட்டது. ஆகவே இருவருக்கும் தனியாகத் தனிநபர் விபத்துப் பாலிசி எடுங்கள். பஸ்ஸிலோ பைக்கிலோ போகும்போதும் அது கைகொடுக்கும். மாணவர்களுக்கு வருமானம் இல்லாததால் நிறுவனங்கள் தொகைக்கு வரம்பு வைக்கும்; எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு எடுக்கலாம். கார் பாலிசியிலேயே பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கும் வசதி உண்டு, ஆனால் ஒருவருக்கு 2 லட்சம்தான்.

அடுத்தது நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் கழிவு. புதிதாக ஓட்டுகிறவன் கையில் முதலில் அடிவாங்குவது இதுதான். மூன்று ஆண்டு க்ளெய்ம் இல்லாததால் இப்போது உங்களுக்கு 35% கழிவு. அடுத்த ஆண்டு 45%, பிறகு 50%. போனஸ் கழிப்பதற்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு க்ளெய்ம் செய்தால் கழிவு பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். க்ளெய்ம் செய்யாமல் இருந்தால் கட்டுவதைவிடக் கூடுதலாகக் கட்டுவது முதலாண்டு 4,500, பிறகு 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,000, அதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி.

இப்போது மகன் கேட்டில் இடித்து, பம்பர் 8,000, பெயின்ட் 3,000, லேபர் 1,000 என்று 12,000 ரூபாய் பில் வருகிறது. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். பெயின்ட் தொகையில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதிலும் பாதி கழிப்பார்கள். க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது சுமார் 6,600. அதற்காக 12,000-ஐ இழப்பதா? தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்து 11,000 கிடைத்தாலும் நஷ்டம்தான். இந்த அளவு வேலையைக் கைக்காசில் முடியுங்கள். முதல் இரண்டு ஆண்டு, க்ளெய்ம் செய்தாலும் போனஸைக் காக்கும் போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் வாங்குவது நல்லது. பிரீமியம் குறையும் என்று க்ளெய்மில் நாமாக முன்வந்து ஏற்கும் கழிவை உயர்த்தும் யோசனை வந்தால், இந்த வீட்டுக்கு வேண்டாம்.

அடிபட்ட காரை எடுத்துக்கொண்டு போனால், "அப்பா ஓட்டினார்னு எழுதிடுங்க சார்" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். கேட்காதீர்கள். லைசென்ஸ் உள்ள மகன் ஓட்டியதில் மறைக்க ஒன்றுமே இல்லை. மாற்றி எழுதினால்தான் வில்லங்கம்: மருத்துவமனையின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரும் எஃப்.ஐ.ஆரும் கேமராப் பதிவும் வேறு சொல்லும். நல்ல க்ளெய்ம் பொய்த் தகவல் என்ற ஒரே காரணத்தால் போய்விடும்.

காரை மகன் பெயருக்கு மாற்றாதீர்கள். போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. அவன் பூஜ்யத்தில் தொடங்குவான். உங்கள் 35 சதவீதத்துக்குச் சான்று வாங்கி வைக்கலாம், ஆனால் 3 ஆண்டுக்குள் நீங்கள் வேறு கார் வாங்கினால்தான் பயன். 15 லட்சம் காப்பீடும் அவனிடம் போய்விடும், அப்போது நீங்கள் ஓட்டினால் உங்களுக்கு இல்லை.

மகள் விஷயத்தில் பேச்சே இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்; வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து; அவளுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. காலி மைதானத்தில்தானே என்று உட்கார வைத்தாலும், தூணில் இடித்தால் டிரைவர் பத்தியைக் காட்டி ஓன் டேமேஜை மறுப்பார்கள். 18 நிறைந்ததும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பியுங்கள், அது கிடைத்து 30 நாள் கழிந்ததும் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம்.