‘சி’க்குப் பின்னால் ‘ரீயா’ வரலாமா? – ஸ்பானிஷ் கேள்வி பதில்

ஸ்பானிஷ் வினைச்சொற்களைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன: கொந்திசியொனால், அதாவது ‘ரீயா’ என்று முடியும் நிபந்தனை வடிவம். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஸ்பானிஷ் வாக்கியங்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கூட்டலுக்கு உங்கள் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘பணம் இருந்தால் வீடு வாங்குவேன்’ என்பதை ‘சி தெந்த்ரீயா தினெரோ, கொம்ப்ரரீயா ஊனா காசா’ என்று எழுதினேன். முதல் பாதியை ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். நிபந்தனை இருக்கிற இடத்தில்தானே நிபந்தனை வடிவம் வர வேண்டும்? – கல்லூரி மாணவி

உங்கள் நியாயம் தமிழ் நியாயம். ‘இருந்தால்’ என்பதில் உள்ள ‘ஆல்’தான் நமக்கு நிபந்தனையைச் சுமக்கிறது, ‘வாங்குவேன்’ வெறும் எதிர்காலம். அந்தப் பழக்கத்தில் கை தானாகவே ‘ரீயா’வைக் கொண்டுபோய் ‘ஆல்’ இருக்கும் இடத்தில் ஒட்டிவிடுகிறது. ஸ்பானிஷில் நிபந்தனையைச் சொல்ல ‘சி’ என்று தனிச்சொல் இருக்கிறது. ‘ரீயா’ உட்காரும் இடம் அடுத்த பாதி, அதாவது விளைவு.

இதோடு முடிந்துவிடவில்லை. உங்கள் தமிழ் வாக்கியத்தை இரண்டு பேர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அடுத்த மாதம் ஒரு பெரிய தொகை வரவிருக்கிறது. இன்னொருவரிடம் காலணா கிடையாது, சும்மா ஆசைப்படுகிறார். இருவரும் ‘பணம் இருந்தால் வீடு வாங்குவேன்’ என்றுதான் சொல்வார்கள். யார் நிஜமாகச் சொல்கிறார், யார் கனவு காண்கிறார் என்பது ஆளைத் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும். ஸ்பானிஷில் இந்த வசதி இல்லை. வாயைத் திறக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். முதலாமவர் சொல்வது: ‘சி தெங்கோ தினெரோ, கொம்ப்ரரே ஊனா காசா.’ நிகழ்காலமும் எதிர்காலமும், அவ்வளவுதான். இரண்டாமவர்: ‘சி துவியெரா தினெரோ, கொம்ப்ரரீயா ஊனா காசா.’ அந்த ‘துவியெரா’ சப்ஹுந்திவோவின், அதாவது நிஜமல்லாத கற்பனை, ஆசை போன்றவற்றுக்கு வரும் வினைவகையின், இறந்தகால வடிவம். உங்கள் ஆசிரியை எதிர்பார்த்தது அதைத்தான்.

காலம் கடந்துபோனபின் சொல்வதற்கு மட்டும் தமிழிலேயே தனி வடிவம் உண்டு: ‘பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.’ ஸ்பானிஷில் ‘சி உபியெரா தெனீதோ தினெரோ, அப்ரீயா கொம்ப்ராதோ.’ கேட்க மிரட்டலாக இருந்தாலும் நம்மவர்கள் இதில் அதிகம் தடுமாறுவதில்லை. இருந்திருந்தால், உபியெரா தெனீதோ. வாங்கியிருப்பேன், அப்ரீயா கொம்ப்ராதோ. இரண்டும் ஜோடியாகவே வந்துவிடுகின்றன. நடுவில் இருக்கும் அந்தக் கனவு வாக்கியத்தில்தான் வம்பு.

‘துவியெரா’ எங்கிருந்து வந்தது என்று அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ‘அவர்கள் செய்தார்கள்’ என்ற இறந்தகால வடிவத்தை எடுங்கள். கடைசி ‘ரோன்’ போய் ‘ரா’ வர வேண்டும். துவியெரோன், துவியெரா. இசியெரோன், இசியெரா. ஃபுவெரோன், ஃபுவெரா. திஹெரோன், திஹெரா. இந்த விதிக்கு விலக்கே கிடையாது. ஸ்பானிஷில் அபூர்வமாகக் கிடைக்கும் சந்தோஷம் இது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. வட ஸ்பெயினில், பாஸ்க் பகுதியிலும் புர்கோஸ் பக்கத்திலும், அந்த ஊர்க்காரர்களே ‘சி தெந்த்ரீயா’ என்று பேசுவதைக் கேட்பீர்கள். இலக்கணக்காரர்கள் ஏற்காத வட்டார வழக்கு அது. அங்கே போய் யாரையும் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். தேர்வுத்தாளில் அவர்களைச் சாட்சிக்கும் கூப்பிடாதீர்கள்.

‘சி’க்குப் பிறகு ‘ரீயா’ வரவே வராது என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு நேர்காணலில் ‘நோ சே சி பெந்த்ரீயா’ என்று ஒருவர் சொன்னார். அவர் வட ஸ்பெயின்காரரும் இல்லை. – வங்கி ஊழியர்

கூர்மையான காது உங்களுக்கு. அவர் சொன்னது சரியான ஸ்பானிஷ். ‘அவர் வருவாரா என்று தெரியவில்லை’ என்று பொருள். அங்கே உள்ள ‘சி’ நிபந்தனை இல்லை, சந்தேகக் கேள்வி. ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் மற்ற மொழிக்காரர்கள் பலர் இங்கே திணறுவார்கள். நமக்குக் கையிலேயே சோதனை இருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வந்தால்’ என்று ‘ஆல்’ வந்தால் ‘ரீயா’ கூடாது. ‘வருவாரா என்று’ என்று வந்தால் ‘ரீயா’ தாராளமாக வரலாம். பெரும்பாலான நேரம் இது போதும்.

ஒழுங்கற்ற வடிவங்களை எப்படி மனப்பாடம் செய்வது? பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. – வீட்டிலிருந்தே படிப்பவர்

கொந்திசியொனால்தான் ஸ்பானிஷிலேயே கருணை மிக்க காலம். அர், எர், இர் என்ற மூன்று வகை வினைகளுக்கும் விகுதி ஒன்றே. முழு வினைப்பெயரை அப்படியே வைத்து ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான் என்று சேர்க்க வேண்டியதுதான். அப்லார் என்றால் அப்லரீயா, கொமேர் என்றால் கொமெரீயா, பிபீர் என்றால் பிபிரீயா. ஆறு வடிவத்திலும் ‘ஈ’ மேல் அழுத்தக்குறி உண்டு, குரலும் அங்கேதான் ஏற வேண்டும்.

ஒழுங்கற்றவை பன்னிரண்டு அடிச்சொற்கள். தெனேர், பொனேர், சலீர், பெனீர், பலேர் ஐந்திலும் நடுவில் ஒரு ‘த்’ நுழைகிறது: தெந்த்ரீயா, பொந்த்ரீயா, சல்த்ரீயா, பெந்த்ரீயா, பல்த்ரீயா. பொதேர், சபேர், அபேர், கபேர், கெரேர் ஐந்திலும் ‘எ’ விழுந்துவிடும்: பொத்ரீயா, சப்ரீயா, அப்ரீயா, கப்ரீயா, கெர்ரீயா. மிச்சம் இருப்பவை அசேரும் தெசீரும். ஒன்று அரீயா, மற்றது திரீயா. எதிர்காலத்துக்கும் இதே பன்னிரண்டுதான், இதே வடிவில். தெந்த்ரே தெரிந்தவருக்குத் தெந்த்ரீயா தானாக வரும். மன்தெனேர், சுபொனேர் மாதிரிக் கூட்டு வினைகளும் தாய்வினையின் வழியிலேயே போகும். பெந்தெசீர் மாதிரிச் சில மட்டும் முறுக்கிக்கொண்டு பெந்தெசிரீயா என்று ஒழுங்காக நடக்கின்றன. மற்ற காலங்களில் ஆட்டம் போடும் இர், செர் இரண்டும் இங்கே இரீயா, செரீயா என்று சாதுவாகிவிடும்.

எதிர்காலத்தோடு ஏன் இந்த ஒற்றுமை? இரண்டும் ஒரே மாதிரிப் பிறந்தவை. வினைப்பெயருக்குப் பின்னால் ‘அபேர்’ என்ற துணைவினையின் நிகழ்காலம் ஒட்டி எதிர்காலம் ஆனது. இறந்தகாலம் ஒட்டிக் கொந்திசியொனால் ஆனது. பழைய காஸ்தில்ய மொழியில், அதாவது அந்தக்கால ஸ்பானிஷில், இரண்டு துண்டுக்கும் நடுவே ‘அவனுக்கு’, ‘உனக்கு’ போன்ற சொற்களைச் செருகவே செய்தார்கள். போர்ச்சுக்கீசில் சம்பிரதாயமான எழுத்து நடையில் இன்றும் அது உண்டு. ஸ்பானிஷில் ஒட்டு நிரந்தரமாகிவிட்டது, தையல் மட்டும் தெரிகிறது.

என் மெக்சிகோ பாடப்புத்தகத்தில் கொந்திசியொனால் என்ற பெயரே இல்லை. ‘போஸ்ப்ரெதெரிதோ’ என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா? – மொழிபெயர்ப்பு மாணவர்

ஒன்றுதான். அந்தப் பெயர் கராகாசில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்த்ரேஸ் பெய்யோவுடையது. 1847இல் வெளியான அவருடைய இலக்கணத்திலிருந்து வந்தது. ஸ்பெயின் மொழிக்கழகத்தின் வினை அட்டவணைகளிலும் இப்போது இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். என் கட்சி பெய்யோ கட்சி. நடந்து முடிந்த ஒன்றுக்குப் பிறகு வருவது என்பது அவர் கணக்கு. ‘தீஹோ கே பெந்த்ரீயா’, அதாவது ‘வருவதாகச் சொன்னார்’ என்பதில் நிபந்தனை எங்கே இருக்கிறது? சொன்னது நேற்று, வருவது அதற்குப் பிறகு. அவ்வளவுதான். தமிழில் ‘வருவேன் என்று சொன்னார்’ என எதிர்காலத்தை அப்படியே விட்டுவிடுவோம். அதனால் நம் மாணவர்கள் ‘தீஹோ கே பெந்த்ரா’ என்று எழுதுகிறார்கள். வரவேண்டிய நேரம் இனிமேல்தான் என்றால் அதுவும் சரி. அந்த நேரம் தாண்டிவிட்டால் ‘பெந்த்ரீயா’ கட்டாயம்.

காபி கேட்க ‘கெர்ரீயா’, ‘கெரீயா’, ‘கிசியெரா’, ‘மே குஸ்தரீயா’ என்று நான்கு வழி சொல்கிறார்கள். மாட்ரிடுக்குப் போகிறேன். எதைச் சொன்னால் மரியாதை? – பயணத்துக்குத் தயாராகும் வாசகி

மாட்ரிட் பாரில் காபிக்கு இந்த நான்குமே வேண்டாம். ‘உன் கஃபே, போர் ஃபவோர்’ போதும். ‘மே போனெஸ் உன் கஃபே?’ என்று ஒருமையில் கேட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கொலம்பியாவுக்குப் போனால் ‘மே ரெகாலா உன் திந்தோ?’ என்பார்கள். நேர்ப்பொருள் ‘ஒரு காபி பரிசளிப்பீர்களா’ என்றாலும் காசு கொடுத்தாக வேண்டும்.

ஓட்டல் வரவேற்பறையிலோ அலுவலகத்திலோ ‘கிசியெரா’ அழகாக இருக்கும். ‘கெரீயா’ எல்லா இடத்துக்கும் பொருந்தும். ‘கெர்ரீயா’ இலக்கணப்படி சரி. ஆனால் அந்த இரட்டை ‘ர்’ரை உருட்டாவிட்டால் ‘கெரீயா’ என்றே கேட்கும், அதனால் நஷ்டமும் இல்லை. ‘மே குஸ்தரீயா’வை விருப்பங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ‘மே குஸ்தரீயா இர் அ தொலேதோ’, தொலேதோவுக்குப் போக ஆசை.

நீங்கள் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது ‘பொத்ரீயா’. முன்பின் தெரியாத பெரியவரிடம் ‘பொத்ரீயா அயுதார்மே?’, உதவ முடியுமா. நம் வயதுத் தோழியிடம் ‘பொத்ரீயாஸ்’. ‘நீங்கள்’, ‘நீ’ வித்தியாசம் கடைசி ‘ஸ்’ஸில் இருக்கிறது. கடிதம் எழுதுவதானால் ‘லே அக்ரதெசெரீயா கே மே என்பியாரா...’ என்று தொடங்குங்கள். ‘அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன்’ என்ற பொருளில் எந்த அலுவலகத்துக்கும் ஏற்ற வரி. ஆனால் சாப்பாட்டு மேசையில் நண்பர்களிடம் உப்பைக் கேட்க இவ்வளவு ‘ரீயா’ போட்டால், ஏதோ கோபத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘எல் மினிஸ்த்ரோ அப்ரீயா திமிதீதோ’ என்று ஒரு செய்தித் தலைப்பு. அமைச்சர் ராஜினாமா செய்திருப்பார் என்றால், செய்தாரா இல்லையா? – செய்தி வாசிக்கும் பழக்கமுள்ளவர்

செய்தாராம். நம் ‘ஆம்’ விகுதிதான் இங்கே ‘அப்ரீயா’. உறுதிப்படுத்தாத தகவலைப் பொறுப்பேற்காமல் சொல்லும் வழி. லத்தீன் அமெரிக்கப் பத்திரிகைகளில் சர்வ சாதாரணம். ஸ்பெயினில் பத்திரிகை நடைக் கையேடுகள் இதை விரும்புவதில்லை. நானும் அவர்கள் பக்கம்தான். யார் சொன்னார்கள் என்பதை எழுதிவிட்டால் இந்த மழுப்பலே தேவைப்படாது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு பயன் இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது: ஊகம். ‘மணி மூன்று இருக்கும்’ என்று இப்போதைய நேரத்தைச் சொல்கிறோமே, அதற்கு ‘செரான் லாஸ் த்ரெஸ்’ என்று எதிர்காலம். ‘தொலைபேசி அடித்தபோது மணி பதினொன்று இருக்கும்’ என்று நடந்ததைச் சொன்னால் ‘செரீயான் லாஸ் ஒன்ஸே குவாந்தோ சொனோ எல் தெலேஃபொனோ.’ தமிழிலும் ஊகத்துக்கு எதிர்காலத்தைத்தானே பயன்படுத்துகிறோம்? ‘அவளுக்கு இருபது வயது இருக்கும்’ என்று கதை சொல்லும்போது ‘தெந்த்ரீயா பெய்ந்தே அன்யோஸ்’. இதை மொழிபெயர்த்து யோசிக்க வேண்டியதில்லை, அப்படியே வரும்.

என் ஸ்பானிய நண்பர் ‘சி மே தோகாரா எல் கோர்தோ, மே கொம்ப்ராபா உன் பார்கோ’ என்கிறார். கொம்ப்ரரீயா எங்கே போனது? – மென்பொருள் பணியாளர்

டிசம்பர் 22 அன்று குலுக்கப்படும் கிறிஸ்துமஸ் லாட்டரியின் முதல் பரிசுதான் எல் கோர்தோ. அது விழுந்தால் படகு வாங்குவாராம். பேச்சில், அதுவும் ஸ்பெயினில், ‘ரீயா’வுக்குப் பதில் சாதாரணத் தொடர் இறந்தகாலத்தைப் போடுவது வழக்கம். கற்பனை இன்னும் கிட்டத்தில் வந்துவிட்ட மாதிரித் தொனிக்கும். ‘உன் இடத்தில் நானாக இருந்தால் போகமாட்டேன்’ என்பதையும் ‘யோ கே தூ, நோ இரீயா’ என்பதோடு ‘நோ இபா’ என்றும் சொல்வார்கள். கடந்துபோனதைப் பேசும்போது விளைவுப் பாதியில் ‘அப்ரீயா’வுக்குப் பதில் ‘உபியெரா’ வருவதும் உண்டு. அது எழுத்திலும் செல்லும். கவனியுங்கள், இத்தனை மாற்றமும் விளைவுப் பாதியில்தான். ‘சி’ பக்கம் ‘தோகாரா’ அசையவில்லை.

தேர்வில் ‘கொம்ப்ரரீயா’ எழுதுங்கள். நண்பரிடம் எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். படகை வாங்கி முடித்ததும் அவர் உங்களிடம் ‘இ தூ, கே அரீயாஸ்?’ என்று கேட்காமல் விடமாட்டார். ‘நீ என்ன செய்வாய்’ என்று அர்த்தம். ‘யோ பியஹரீயா’, நான் ஊர் சுற்றுவேன் என்று ஆரம்பித்துவிடலாம்.