போட்டியாளர்களை விடுங்கள், குருவையும் சிஷ்யரையும் சேர்த்துக் கேளுங்கள்

கர்நாடக இசையில் ஒரே பாடலின் வெவ்வேறு பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பதால் பயன் உண்டா, உண்டென்றால் எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் நிச்சயம் உண்டு. ஆனால் பலரும் ஒப்பிடும் விதம் எனக்கு ஒத்துவருவதில்லை. பாடகர்களில் ஜி.என்.பி. என்கிற ஜி.என்.பாலசுப்ரமணியமா மதுரை மணி ஐயரா, செம்மங்குடியா எம்.டி.ராமநாதனா என்று ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் அது கட்சிச் சண்டையாகிவிடும். அவரவருக்கு ஏற்கெனவே பிடித்தவரைப் பிடிக்கும் என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். குரல் வேறு, வழி வேறு, ஸ்வரம் போடும் விதம் வேறு, எல்லாமே வேறு என்றால் காது எதைப் பிடித்துக்கொண்டு ஒப்பிடும்? அதனால் நான் சொல்வது, ஒரே வீட்டு ஆட்களை எடுங்கள். குரு பாடியதையும் அவரிடம் உட்கார்ந்து கற்றவர் பாடியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாட்டு ஒன்று, பாடம் ஒன்று. அப்படியும் இரண்டு பதிவுக்கும் நடுவே ஏதோ ஒன்று மாறியிருக்கும் பாருங்கள், அதைக் கேட்கப் பழகினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

நான் காரைக்குடிக்காரன், அதனால் உதாரணமும் பக்கத்து ஊரிலிருந்துதான் வரும். அரியக்குடி இங்கிருந்து கூப்பிடு தூரம். தென் திருப்பதி என்று சொல்லப்படுகிற திருவேங்கடமுடையான் கோவில் இருக்கிற ஊர். அங்கே 1890இல் பிறந்தவர் ராமானுஜ ஐயங்கார். வர்ணம் என்கிற கட்டுக்கோப்பான பாட்டில் தொடங்கி, கொஞ்சம் விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவில் பெரிய ராகம், ஒரு வரிப் பல்லவியை விரித்துப் பாடும் ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள் என்று இன்றைக்கும் சபாக்களில் ஓடுகிற கச்சேரி வரிசைக்கு அவர்தான் வழி போட்டார் என்பது இசை கேட்கிற எல்லோருக்கும் தெரிந்தது. அவருடைய சிஷ்யர்களில் பெரிய பெயர் கே.வி.என். என்கிற பாலக்காடு கே.வி.நாராயணஸ்வாமி.

இருவர் பாடியதிலும் 'விரிபோணி' வர்ணத்தை எடுங்கள். பைரவி ராகம், அட தாளம், பச்சிமிரியம் ஆதியப்பய்யா செய்தது. வர்ணம் என்பதால் பாட்டின் உடம்பில் கைவைக்க யாருக்கும் பெரிதாக இடமில்லை, ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல உருப்படி கிடைக்காது. ஐயங்கார் எடுக்கும்போதே நடை வந்துவிடும். ஒவ்வொரு சங்கதியும் (ஒரு வரியைச் சற்றே மாற்றிப் பாடுவது) நறுக்கென்று முடியும், அடுத்ததுக்குப் போய்விடுவார், எதையும் தூக்கிக் காட்ட மாட்டார். கே.வி.என். அதே பாதையில்தான் போகிறார், பாடாந்தரம், அதாவது கற்ற பாடம், மாறவில்லை, ஆனால் கார்வைகளில், ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் இடங்களில், நிற்கிறார். நிற்கிற இடத்தில் குரலை மெல்ல இறக்கிச் சுருதியோடு சேர்க்கிறார். குருவிடம் கண்டிப்பாக இருந்த ஒன்று சிஷ்யரிடம் கனிவாக மாறியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன் இதை ஒப்பவே மாட்டார். கே.வி.என். செய்தது கனிவில்லை, தயக்கம் என்பார். அவருக்கு மிருதங்கம் எங்கே அடுத்த அடி வைக்கிறது என்பதுதான் முக்கியம், மிருதங்க வித்வான் காரைக்குடி மணியின் ரசிகர், நடை இளகினால் அவருக்கு ஆகாது.

கூட்டம் என்றேனே, பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்துப் பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலைந்து பேர் கூடுவோம். ஆளுக்கொரு பதிவு கொண்டுவர வேண்டும், யார் பாடுகிறார் என்று முதலில் சொல்லக் கூடாது, முழுதாகக் கேட்டபிறகுதான் பேச்சு. இந்த விதி ரொம்ப நல்ல விதி, உங்கள் ஊரில் இரண்டு பேர் சேர்ந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாதபோது ஜாம்பவான்களைப் பற்றி ஜனங்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமே! ஒரு தடவை தன் உயிர் மாதிரி நினைக்கிற பாடகரின் கச்சேரியையே "யாரோ புதுசு, குரல் இன்னும் பதப்படலை" என்று ஒருவர் சொல்லிவிட்டு, பிறகு பணியாரத்தில் மும்முரமாகிவிட்டார்.

முதலில் முற்றத்தைச் சுற்றிய வளவில்தான் உட்கார்ந்தோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழுவழுவென்ற சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் சத்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பி அடிக்கும், மிருதங்கத்தின் சொல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். இப்போது உள் அறையில் ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டிக் கேட்கிறோம். பழைய பதிவுகளுக்கு விலை உயர்ந்த ஸ்பீக்கரைவிட இது உதவுகிறது.

அடுத்தது, எல்லோரும் தவறவிடுகிற விஷயம். வேகம். இணையத்தில் ஏற்றப்பட்ட பழைய கச்சேரிகளில் கணிசமானவை ஸ்பூல் டேப்பிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து கணினி என்று கைமாறி வந்தவை. ஒவ்வொரு இடத்திலும் வேகம் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். சுமார் ஆறு சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் கறுப்பையும் சேர்த்து எண்ணினால் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும், பத்து நிமிடப் பாட்டு ஒன்பதரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குரல் மெலிந்து, பிருகா என்கிற வேகமான ஸ்வரச் சுழற்றல் மின்னல் மாதிரி கேட்கும், நாமும் "என்ன வேகம்!" என்று மெச்சிக்கொண்டிருப்போம். அது டேப்பின் வேகம். அதனால் ஒப்பிடும் முன் கைப்பேசியில் ஒரு தம்பூரா செயலியைப் போட்டு, பாடகர் என்ன கட்டையில் நிற்கிறார் என்று பாருங்கள். ஒரே பாடகர், ஒரே காலகட்டம், ஆனால் ஒரு பதிவு மட்டும் அரைக் கட்டை மேலே என்றால் டேப்பைச் சந்தேகப்படலாம். வயதாக ஆகச் சுருதியை இறக்கிக்கொள்கிற வழக்கமும் உண்டு, அதையும் கணக்கில் வைக்க வேண்டும். வேகத்தைத் திருத்த இலவச மென்பொருள்களே போதும்.

இரைச்சல் நீக்கியது என்று போட்டிருக்கும் பதிவுகளை நான் தவிர்ப்பேன். சரசரப்போடு சேர்த்துத் தம்பூராவையும் வயலினின் மேல் ஓசையையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள், பாடகர் கம்பளிக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. சரசரப்பு பத்து நிமிடத்தில் காதுக்குப் பழகிவிடும்.

இசைத்தட்டையும் கச்சேரிப் பதிவையும் தராசில் வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் அதிகம் கொள்ளாது. நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தையே அந்த அளவுக்குள் அடக்கித்தான் தட்டில் கொடுத்தார்கள். மூன்று நிமிடத்தில் ராகத்தின் முகத்தைக் காட்டுவது தனி வித்தை, அதை அதற்குள் வைத்துத்தான் ரசிக்க வேண்டும். எங்கள் ஐயா காலத்து வீடுகளில் கிராமபோன் பெட்டி சாதாரணம். ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரே ஸ்டுடியோவுக்கெல்லாம் முன்னால் இசைத்தட்டுத் தொழிலில் இறங்கிச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தியவர்தானே. அந்த வீடுகளிலிருந்து வந்த தட்டுகள் இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் தட்டுப்படும். வாங்குவதாக இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பள்ளங்களைப் பாருங்கள். சாம்பல் பூத்திருந்தால் ஊசி தேய்த்துத் தீர்த்த தட்டு. விலையும் இப்போது அலங்காரப் பொருளுக்கான விலை, கேட்கிறவனுக்கான விலை இல்லை.

வாத்தியத்தில் கேட்க வேண்டுமென்றால் காரைக்குடி வீணை. காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைத் தம்பூரா மாதிரி நிறுத்தி வைத்து வாசித்தவர், இளையவர் சாம்பசிவ ஐயர் மடியில் கிடத்தி வாசித்தவர். சாம்பசிவ ஐயருக்கு 1952இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தார்கள். அவருடைய பதிவுகள் கொஞ்சம்தான், ஒலியும் சுமார்தான், ஆனால் தாளக் கட்டில்லாமல் ராகத்தை லயத்தோடு விரிக்கும் தானத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். அதைக் கேட்ட கையோடு, சிறு வயதிலேயே அவர் வீட்டுக்கு வந்து குருகுலமாகக் கற்ற ரங்கநாயகி ராஜகோபாலனின் தானத்தைக் கேளுங்கள். இங்கே பதிவு தெளிவு, அதனால் பழைய பதிவில் இரைச்சலுக்குள் மங்கலாகக் கிடந்தது என்ன என்று இதிலிருந்து தெரிந்துகொண்டு, திரும்ப ஐயரிடம் போகலாம். சிஷ்யையைக் கேட்டபிறகுதான் குரு எனக்குச் சரியாகக் காதில் விழுந்தார். இதற்கு நேர் எதிர் வீணை எஸ்.பாலசந்தர், ஒரே மெட்டில் (தந்தியை அழுத்திப் பிடிக்கும் உலோகக் கம்பியில்) தந்தியை இழுத்து இழுத்து ஸ்வரங்களை வரவழைப்பவர். அவரை இந்த இருவருக்குப் பிறகு போட்டால் அவர் எதை உடைத்தார் என்று புரியும். முதலிலேயே போட்டால் வெறும் வியப்புதான் மிஞ்சும்.

இந்த முறைக்கு அடங்காத ஒரு பதிவும் உண்டு. திருப்பாவைக்கு ராகம் போட்டவர் அரியக்குடியார். முதல் ஐந்து பாசுரத்துக்கும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராகங்கள் என்கிற கம்பீரமான ஐந்து ராகங்களாகவே வைத்தார். ஆனால் மார்கழியில் கோவில் ஒலிபெருக்கியில் நாம் கேட்டு வளர்ந்தது எம்.எல்.வசந்தகுமாரியின் குரலில். அவர் ஜி.என்.பி.யின் சிஷ்யை. மெட்டு ஒரு வீடு, குரல் இன்னொரு வீடு. 'ஆழி மழைக்கண்ணா'வை ஐயங்கார் வராளியின் கனத்தோடு கேட்டுவிட்டு எம்.எல்.வி.யைக் கேட்டால் பாட்டு இலேசாகி மேலே எழும்புகிற மாதிரி இருக்கும். நான் ஐயங்கார் பக்கம்தான். ஆச்சி மட்டும் இதைக் கூட்டத்தில் ஒப்பிடவே விடுவதில்லை. "எம்.எல்.வி. திருப்பாவைக்கு மார்க்குப் போட நீ யாரப்பா, போய்க் காப்பியைக் குடி" என்பார்.