மரியோவை மறுபடி விளையாட எது வாங்கலாம்?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வீடியோ கேம் பற்றியவைதான். ஆகவே இம்முறை பதில்கள் முழுக்க எமுலேட்டர் பற்றி. பழைய கேம் மெஷின் செய்த வேலையைப் போனிலோ கம்ப்யூட்டரிலோ டிவியிலோ அப்படியே செய்துகாட்டும் மென்பொருளுக்குத்தான் எமுலேட்டர் என்று பெயர். கேம் அதோடு வராது. ரோம் என்ற தனிக் கோப்பாக நாம்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 95, 96 வாக்கில் எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. கேசட் போட்டு மரியோவும் கான்ட்ராவும் விளையாடுவோம். இப்போது ப்ளே ஸ்டோரில் தேடினால் ஏகப்பட்ட ஆப் வருகிறது. எதை நம்புவது? என் போன் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. புதிது வாங்க வேண்டுமா? (திருச்சி வாசகர்)

போன் வாங்கவே வேண்டாம். உங்கள் வீட்டில் இருந்தது, நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல். அதன் மூளை ஓடிய வேகம் 2 மெகாஹெர்ட்ஸ்கூடக் கிடையாது. இன்று கடையில் கிடைக்கும் மிக மலிவான ஆண்ட்ராய்டு போனுக்கும் அது ஒரு சுமையே இல்லை.

ஆப் என்றால், முதல்முறை இறங்குபவர்களுக்கு நான் சொல்வது லெமுராய்ட். இலவசம், விளம்பரம் கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ரோம் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அடுத்த படி ரெட்ரோஆர்க். இதுவும் இலவசம்தான், ஆனால் மெனுவுக்குள் மெனு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிப் பழகிக்கொண்டால் பிறகு வேறு எதுவும் தேவைப்படாது. நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் காட்டும் ஆப்களில் பல, இதுபோன்ற இலவச எமுலேட்டர்களின் நிரலை எடுத்து மேலே வேறு பெயர் ஒட்டியவை. காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மரியோ விளையாட உங்கள் தொலைபேசித் தொடர்புகள் எதற்கு? அந்த அனுமதியைக் கேட்கும் ஆப்பை உடனே நீக்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விளையாடத் தொடங்கியதும் "என்ன, மரியோ இவ்வளவு வேகமாக ஓடுகிறான்!" என்று தோன்றும். உங்கள் கை மந்தமாகிவிடவில்லை. ஜப்பான், அமெரிக்க டிவியில் நொடிக்கு 60 படம். நம்மூர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படம். பால் டிவிக்காகச் செய்த நகல் கருவிகளில் ஆட்டமும் அந்த அளவுக்கு மெதுவாகவே ஓடியது, பாட்டும் இழுத்துத்தான் பாடியது. எமுலேட்டர் அசல் வேகத்தில் ஓட்டுவதால் நம் ஞாபகத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடுகிறது. ரெட்ரோஆர்க்கில் ஒவ்வொரு கருவிக்குமான எமுலேட்டரைக் கோர் என்பார்கள். அதில் மெசன் என்ற கோரைப் போட்டு, அதன் ரீஜன் அமைப்பில் டெண்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற இதே மாதிரி நகல் கருவியின் பெயர். அந்தப் பழைய வேகம் அப்படியே திரும்பி வரும். முதல்முறை அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் கன்ட்ரோலருக்குச் செய்யுங்கள். கண்ணாடித் திரையைத் தடவிக் கான்ட்ரா விளையாட முடியாது. போனில் யுஎஸ்பி பொருள்களை இணைக்க உதவும் ஓடிஜி வயரில் செருகும் சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலரே போதும். திசை பட்டன் அழுத்தமாக, தனித்தனியாக அமுங்குகிறதா என்று மட்டும் கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டிவியில் செருகும் கேம் ஸ்டிக் ஒன்று ஆன்லைனில் பார்த்தேன். 10,000 கேம், இரண்டு வயர்லெஸ் கன்ட்ரோலர், ரூ.2,500 தான். பிள்ளைகளுக்கு வாங்கலாமா? (சேலம் வாசகி)

வேண்டாம் என்பது என் பதில். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

10,000 என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். ஒரே கேமின் அமெரிக்கப் பதிப்பு, ஜப்பான் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, யாரோ கொஞ்சம் மாற்றிய பதிப்பு என எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணித்தான் அந்தக் கணக்கு வருகிறது. உங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விளையாடப்போவது இருபதோ முப்பதோ கேம்கள். அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்பதுதான் கேள்வி.

அதற்குள் இருப்பது ஒரு மலிவான சிப், இலவசமாகக் கிடைக்கும் எமுலேட்டர்கள், ஒரு மெமரி கார்டு, அவ்வளவுதான். ஸ்நெஸ்9எக்ஸ், ஃபைனல்பர்ன் நியோ போன்ற எமுலேட்டர்களின் உரிமத்திலேயே இதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. பல வருடம் ஊதியமில்லாமல் உழைத்து ஊருக்குக் கொடுத்தவர்களின் வேலையை ஒருவர் டப்பாவில் போட்டு விற்கிறார். கேம்களுக்கும் அவர் உரிமை வாங்கியிருக்கப் போவதில்லை. எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை.

அந்த மெமரி கார்டு இன்னொரு தலைவலி. நானும் ஒருமுறை இப்படி ஒன்றை வாங்கினேன். நான்கே மாதத்தில் கார்டு போய்விட்டது, கேம்களும் அதோடு போய்விட்டன. விற்றவர் பக்கம் அதற்குள் காணாமல் போயிருந்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கவனிக்க: 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, ஆன்லைன் விற்பனைத் தளம் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவைத்திருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும்.

உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு டிவி இருந்தால் அதிலேயே ரெட்ரோஆர்க்கைப் போடலாம். பழைய 8 பிட், 16 பிட் கேம்கள் பெரும்பாலான டிவிகளில் நன்றாகவே ஓடும். மிச்சமாகும் பணத்தில் வயர் வைத்த இரண்டு நல்ல கன்ட்ரோலர் வாங்குங்கள். டிவி அமைப்பில் கேம் மோடை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால், படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தில், நீங்கள் பட்டனை அழுத்திய பிறகு மரியோ தாமதமாகக் குதித்துப் பள்ளத்தில் விழுவான். படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள். திரை முழுக்க இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

கேள்வி: கடையில் காயின் போட்டு விளையாடிய முஸ்தபா கேம் வேண்டும். ரோம் எங்கே கிடைக்கும்? ஒரு கோப்பு கிடைத்தது, ஆனால் ஓட மறுக்கிறது. (மதுரை வாசகர்)

முஸ்தபா! நம்மூரில் அந்தப் பெயரைச் சொன்னால் தெரியாத முப்பத்தைந்து வயதுக்காரர் குறைவு. அதன் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993-ல் கேப்காம் வெளியிட்டது. மஞ்சள் தொப்பிக்காரரின் பெயரையே நாம் கேமுக்கு வைத்துவிட்டோம்.

கடை மெஷின்களுக்கு 1997-ல் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டரும், ஃபைனல்பர்ன் நியோவும்தான் சரி. உங்கள் கோப்பு ஓடாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். இந்த இரண்டிலும் எமுலேட்டரின் பதிப்பும் ரோம் தொகுப்பின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய தொகுப்பை இன்றைய பதிப்பில் போட்டால் ஏதோ ஒரு சிப்பின் கோப்பு இல்லை என்று நின்றுவிடும்.

எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன். வருடங்கள் ஆனதால் காப்புரிமை காலாவதி ஆகிவிடவில்லை. சட்டப்படி வாங்கலாம் என்றால், இந்தக் கேமைக் கேப்காம் கடை மெஷினைத் தாண்டி வீட்டுக் கருவிகளுக்குக் கொண்டுவரவே இல்லை. ஒரு காமிக்ஸை வைத்து எடுத்தது, அந்த உரிமமும் தேவைப்படும். இதே பாணியில் கேப்டன் கமாண்டோ, ஃபைனல் ஃபைட் உட்பட ஏழு கேம்களை 2018-ல் கேப்காம் பீட் எம் அப் பண்டில் என்று ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். ஸ்டீமில் இருக்கிறது, தள்ளுபடி வரும்போது வாங்குங்கள்.

கேள்வி: ஐபோனில் எமுலேட்டர் போட முடியாது என்கிறார்களே? (கோவை வாசகர்)

அது பழைய கதை. 2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் விதியைத் தளர்த்திவிட்டது. நிண்டெண்டோவின் பழைய கருவிகளுக்கு டெல்டா, சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்குப் பிபிஎஸ்எஸ்பிபி, பலவற்றுக்கும் சேர்த்து ரெட்ரோஆர்க், மூன்றும் ஆப் ஸ்டோரிலேயே இலவசம். நிண்டெண்டோவின் கேம்க்யூப், வீ (Wii) கருவிகளுக்கான டால்ஃபின் மட்டும் அங்கே இல்லை. அது வேகமாக ஓடத் தேவையான ஜிட் என்ற வசதியை ஆப்பிள் அனுமதிப்பதில்லை.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2-ல் விளையாடிய சான் ஆண்ட்ரியாஸ் போனில் வேண்டும். பிஎஸ்2 எமுலேட்டர் என்று ஒரு ஆப் ரூ.499 கேட்கிறது. (யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர்)

அந்த ரூ.499-ஐக் கொடுத்துவிடாதீர்கள். போனில் பிஎஸ்2 என்றாலே பெயர் பெற்றிருந்தது ஏதர்எஸ்எக்ஸ்2. அதை எழுதியவர் 2023 தொடக்கத்தில் வேலையை நிறுத்திவிட்டார். அது இலவசமாகத்தான் இருந்தது. அந்தப் பெயரையும் அதைப்போன்ற பெயரையும் வைத்துப் போலிகள் நிறைய உலவுகின்றன. பிஎஸ்2-வின் உள்ளமைப்பு சிக்கலானது, உயர்விலைப் போன்களே சில கேம்களில் மூச்சு வாங்கும்.

உங்களுக்கு எமுலேட்டரே தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸின் போன் பதிப்பே 2013 டிசம்பரில் வந்துவிட்டது. எந்த எமுலேட்டர் என்று தேடும் முன், வேண்டிய கேம் உங்கள் கருவிக்கே நேரடியாக விற்கப்படுகிறதா என்று பார்ப்பது நல்லது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 1 கெட்டுவிட்டது, டிஸ்க்குகள் இருபது இருக்கின்றன. பழைய லேப்டாப் ஒன்றும் உண்டு. (விழுப்புரம் வாசகர்)

உங்களிடம்தான் எல்லாமே இருக்கிறது. லேப்டாப்பின் டிவிடி டிரைவில் டிஸ்க்கைப் போட்டு .bin, .cue என்று முடியும் கோப்புகளாக நகல் எடுங்கள். பிறகு சிஎச்டி (CHD) என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினால் இடம் கணிசமாக மிச்சம். உரிமையோடு வாங்கிய நிரலை, அழிந்துபோகாமல் காக்க நகல் எடுப்பதற்கு நம் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஆனால் நம்மூரில் விற்ற டிஸ்க்குகளில் நிறைய, அசலே அல்ல. அவற்றுக்கு இது பொருந்தாது.

எமுலேட்டருக்கு டக்ஸ்டேஷன். அதற்குப் பிளேஸ்டேஷனின் பயாஸ் கோப்பு, அதாவது மெஷினைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரல் வேண்டும், உங்கள் கெட்டுப்போன மெஷினின் சிப்பில் இருப்பது அதுதான். எடுக்க முடியாவிட்டால் ரெட்ரோஆர்க்கின் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் கோர் பயாஸ் இல்லாமலே பல கேம்களை ஓட்டும். லேப்டாப் ரொம்பப் பழசு என்றாலும் அது ஓடும்.

ஆட்டத்தை அந்த நொடியில் இருப்பதுபோலவே எமுலேட்டர் சேமித்துவைக்கும் சேவ் ஸ்டேட் பட்டனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எமுலேட்டரின் அடுத்த பதிப்பில் அது திறக்காமல் போகலாம். கேமுக்குள்ளேயே இருக்கும் மெமரி கார்டு 'சேவ்' வசதியிலும் சேமித்துக்கொண்டே வாருங்கள், அந்தக் கோப்பை வேறு எமுலேட்டருக்கும் எடுத்துப்போகலாம்.

கேள்வி: கையடக்கக் கருவி வாங்கலாமா? அன்பெர்னிக், மியூ என்று சொல்கிறார்கள். (சென்னை வாசகி)

மேலே சொன்ன ஸ்டிக்கைவிட நூறு மடங்கு மேல். மியூ மினி ப்ளஸ் பிளேஸ்டேஷன் 1 வரை நன்றாக ஓட்டும், சட்டைப் பையில் அடங்கும். பிஎஸ்பி கேம் வேண்டும் என்றால் இதை வாங்காதீர்கள், உங்கள் போனும் ஒரு கன்ட்ரோலரும் அதைவிடச் சிறப்பாக வேலை செய்யும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி சேரும், வாரண்டி நடைமுறையில் கிடைக்காது. எதை வாங்கினாலும், வந்த அன்றே உள்ளே இருக்கும் மெமரி கார்டை நகல் எடுத்து, பெயருள்ள நிறுவனத்தின் கார்டுக்கு மாற்றிவிடுங்கள்.