ஒரு கேம் கன்சோல் போதாதா? ஏன் மூன்று நான்கு வாங்கி அடுக்குகிறார்கள்?

கேட்டவர் சொல்வது இதுதான்: தம்பியிடம் ஏற்கெனவே ஒரு பிளேஸ்டேஷன் இருக்கிறது, இப்போது இன்னொரு கன்சோல் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், இரண்டையும் ஒரே டிவியில்தானே மாட்டப் போகிறான், அப்புறம் எதற்கு இரண்டு.

இதே கேள்வியை எங்கள் அம்மா பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஏன்டா, டிவிக்குக் கீழ நாலு பொட்டி நிக்குது. நாலுலயும் நீ காரைத்தான ஓட்டுற?"

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருப்பதால் நான் வாயைத் திறப்பதில்லை. ரொம்ப மிஞ்சினால் வாசலைக் காட்டுவேன். அங்கே அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லும் நிற்கும், பைக்கும் நிற்கும். உர மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போக எக்ஸெல், தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போக பைக். ஏன் இரண்டு என்று அதை யாரும் கேட்டதில்லை.

எனக்கு 34 வயது, மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என்னிடம் இருப்பது கேசட் போடும் பழைய டிவி கேம், பிஎஸ் 2, பிஎஸ் 4 (பிஎஸ் என்றால் பிளேஸ்டேஷன்), நின்டென்டோ ஸ்விட்ச். ஒரு நாள் உட்கார்ந்து நாலு வாங்க வேண்டும் என்று திட்டம் போட்டு வாங்கவில்லை. யாருமே அப்படி வாங்குவதில்லை என்று நினைக்கிறேன். ஒரு கேம் மேல் ஆசை வரும், அது எந்தப் பெட்டியில் ஓடுமோ அந்தப் பெட்டியை வாங்கித்தான் ஆக வேண்டும். படம் ரிலீஸ் ஆனால் எல்லாத் தியேட்டரிலும் போடுவார்கள். கேம் அப்படி இல்லை. மாரியோவும் செல்டாவும் வேண்டுமென்றால் நின்டென்டோவிடம்தான் போக வேண்டும், பிளேஸ்டேஷனில் எவ்வளவு தேடினாலும் வராது.

இது ஏதோ தொழில்நுட்பச் சிக்கல் என்று நான் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். வெறும் வியாபாரம். கன்சோலில் பெரிய லாபம் கிடையாது. 2006-இல் பிஎஸ் 3 வந்தபோது பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனி அதைச் செய்த செலவைவிடக் குறைந்த விலைக்கு நஷ்டத்தில்தான் விற்றது. காசு வருவது பின்னால், கேம் விற்கும்போது. அவர்களுடைய ஆன்லைன் கடையில் யார் செய்த கேம் விற்றாலும் சுமார் 30 சதவீதம் பெட்டிக்காரனுக்குப் போகும். ஆகவே முதலில் உங்களைப் பெட்டி வாங்க வைக்க வேண்டும், அதற்கு ஒரு தூண்டில் வேண்டும். ஹேலோ என்ற கேம் 1999-இல் ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியின் மேடையில் அறிமுகமான கேம். மைக்ரோசாஃப்ட் 2000-இல் அதைச் செய்துகொண்டிருந்த கம்பெனியையே விலைக்கு வாங்கி, 2001-இல் தன் பெட்டியான முதல் எக்ஸ்பாக்ஸ் வந்த அன்றே அதை எக்ஸ்பாக்ஸ் கேமாக இறக்கியது. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா!

சரி, புதுப் பெட்டி வாங்கியாயிற்று, பழையதை விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். எனக்கு பிஎஸ் 2 கிடைத்தது 2011-இல், கல்லூரியில் படிக்கும்போது. திருச்சியில் ஒரு பிரௌசிங் சென்டரை மூடியபோது அங்கே மணிக்கு 20 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருந்த மிஷினையே பேரம் பேசி வாங்கினேன். ஜாய்ஸ்டிக்கில் எக்ஸ் பட்டனின் எழுத்தே தேய்ந்து போயிருந்தது, எத்தனை பேர் அதில் கோல் அடித்திருப்பார்களோ. அதில் இன்றைக்கும் ஓடுவது கிரிக்கெட் 07. இஏ ஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனி போட்ட கடைசி கிரிக்கெட் கேம் அது, பிஎஸ் 2-க்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் வந்தது. அந்த டிஸ்கைக் கொண்டுபோய் பிஎஸ் 4-இல் போட்டால் ஒன்றும் ஆகாது, இது என்ன டிஸ்க் என்றே அதற்குத் தெரியாது.

பிஎஸ் 3 கதை இன்னும் மோசம். சோனி, ஐபிஎம், தோஷிபா மூன்று பேரும் சேர்ந்து செல் என்றொரு புராசஸரை அதற்காக உருவாக்கினார்கள். வித்தியாசமான சாமான், கேம் எழுதுகிறவர்களே திணறினார்கள். அடுத்து பிஎஸ் 4-க்கு நம் கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற சாதாரண வகைக்கு மாறிவிட்டார்கள், அத்தோடு பிஎஸ் 3 டிஸ்க் எல்லாம் அனாதை. முதலில் வந்த பிஎஸ் 3-களில் பிஎஸ் 2 கேம் ஓடுவதற்கென்று பிஎஸ் 2-இன் சிப்பையே உள்ளே வைத்திருந்தார்கள், அப்புறம் செலவைக் குறைக்க அதையும் பிடுங்கிவிட்டார்கள். இப்போது பிஎஸ் 5-இல் பிஎஸ் 4 கேம்கள் பெரும்பாலும் ஓடுகின்றன, எக்ஸ்பாக்ஸில் பழைய தலைமுறை கேம்கள் நிறையவே ஓடும். அதுவரைக்கும் சேர்த்தவர்களுக்கு, கேம் வேண்டுமென்றால் பெட்டியையும் வைத்திருக்க வேண்டிய நிலைமை.

விற்றுப் பார்க்கவும் முயன்றேன். ஒரு கடையில் பிஎஸ் 2-ஐ மேலும் கீழும் புரட்டிப் பார்த்துவிட்டு, டிஸ்க் எல்லாம் சேர்த்து 800 ரூபாய் என்றார். அந்த டிஸ்குகளில் ஒன்றை அவரிடமே 400 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், வீட்டில் போட்டால் பாதியில் நின்றுவிடும், கேட்டதற்கு மிஷினைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியவர். பேசாமல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பழைய டிவி கேம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நின்டென்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட மிஷினின் நகல்கள்தான் அவை, நம் ஊர் கடைகளில் வெவ்வேறு பெயர்களில் விற்றன. எனக்கு மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் பங்குனித் திருவிழா சமயத்தில் அப்பா வாங்கித் தந்தார். '9999 இன் 1' என்று கேசட்டில் போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அதோடு ஒரு துப்பாக்கி வரும், வாத்து சுடும் கேமுக்கு. அந்தத் துப்பாக்கி இருக்கிறதே, புது எல்இடி டிவியில் வேலை செய்யாது. டிரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னி மறையும். துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். பழைய குண்டு டிவி அதை அந்தக் கணத்திலேயே வரையும், எல்இடி டிவி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் காட்டும், அதற்குள் காரியம் கெட்டுவிடும். ஆகையால் எங்கள் வீட்டுப் பரணில், அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியும் பத்திரமாக இருக்கிறது. அம்மா கணக்கில் அது ஐந்தாவது பெட்டி.

இப்போது ஸ்விட்ச். இதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதை நான் கேட்கவே இல்லை. 2018 தீபாவளிக்கு மாமா பையன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தான். நின்டென்டோ அதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, இங்கே இருப்பதெல்லாம் இப்படி யாராவது திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியோடு இறங்கிக் கொண்டுவந்ததோ, அப்படி வந்ததைக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கியதோதான். "எனக்கெதுக்குடா மச்சான், பிஎஸ் 4 இருக்குல்ல" என்றுதான் முதலில் சொன்னேன். பிஎஸ் 4-இன் படத்துக்கு முன்னால் அது பொம்மை மாதிரி இருந்தது.

தீபாவளி முடிந்து பத்தாம் நாள் கஜா புயல் வந்தது. நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எங்கள் பக்கமெல்லாம் ஒரு தென்னையை விடாமல் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் தெருவுக்கு மறுபடி கரண்ட் வந்தது பத்தொன்பதாம் நாள். பட்டுக்கோட்டை அக்கா வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டதால் பிள்ளைகள் இரண்டும் எங்களிடம் வந்துவிட்டன, பள்ளிக்கூடமும் இல்லை. பகலெல்லாம் நானும் அப்பாவும் கொல்லையில் விழுந்த மரத்தைத் துண்டு போட்டு ஒதுக்கிக்கொண்டிருப்போம். சாயங்காலம் ஆனால் இருட்டு, கொசு, பிள்ளைகளின் அழுகை.

பிஎஸ் 4 டிவிக்குக் கீழே செங்கல் மாதிரி கிடந்தது. ஸ்விட்சுக்கு டிவி வேண்டாம், அதிலேயே ஆறு இன்ச் சொச்சம் திரை இருக்கிறது, பேட்டரியில் மூன்று மணி நேரம் ஓடும். கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்து, ஆளுக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டு செல்போன் சார்ஜ் போட்டார்கள், அந்த ஒயர் காட்டுக்குள் இதையும் சொருகிவைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்து திண்ணையில் அதை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருக்கும் இரண்டு கண்ட்ரோலரையும் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்தால் போதும், மாரியோ கார்ட். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடும், ஆறேழு தலை அந்தச் சின்ன வெளிச்சத்தைச் சுற்றி. "மாமா, ஒரே ஒரு ரேஸ் மாமா" என்று சின்னவள் கெஞ்ச, வாழைப்பழத் தோலில் வழுக்கியவனைப் பார்த்து அத்தனையும் ஒரே சமயத்தில் கத்த, அடுப்படியிலிருந்து அம்மா, "சார்ஜ் இருக்காடா?" என்று கேட்டார். பேட்டரி தீருகிற கவலை அம்மாவுக்கு!

அதற்குப் பிறகு நான் படம் எவ்வளவு தெளிவு, எத்தனை ஃபிரேம் என்ற சண்டைக்கெல்லாம் போவதில்லை. பிஎஸ் 4-இல் தனியாக, ராத்திரி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெரிய கதை உள்ள கேம் விளையாடுவேன். பிள்ளைகள் வந்தால் ஸ்விட்ச். பழைய கூட்டாளிகள் பொங்கலுக்கு வந்தால் யாரும் சொல்லாமலேயே பிஎஸ் 2-இன் மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரை டிவியில் சொருகிவிடுவார்கள்.

எக்ஸ்பாக்ஸ் என்னிடம் இல்லை, ஒரு காரணம் நெட். கூட்டாளி ஒருவன் தஞ்சாவூரில் சீரிஸ் எஸ் வைத்திருக்கிறான், டிஸ்க் போடும் வழியே இல்லாத மாடல், மாதக் கட்டணத்தில் கேம் பாஸ், இறக்கி இறக்கி விளையாடுகிறான். வீட்டில் ஃபைபர் இருக்கிறது, அவனுக்குச் சரி. எனக்கு ரொம்ப நாள் வரைக்கும் செல்போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். 90 ஜிபி கேம் ஒன்றை இறக்க அறுபது நாள், அதற்குள் குறுவைப் பயிரே பாதி வளர்ந்துவிடும். அதனால் எனக்கு டிஸ்க்தான் வசதி. திருவாரூரில் இருப்பவனும் நானும் டிஸ்கைக் காகிதத்தில் சுற்றித் தெரிந்த கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்வோம். பெட்டி வாங்குவதற்கு முன் இந்த நெட் கணக்கைப் போடாமல் ஏமாந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

வெறுமனே சேர்ப்பதற்காக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், சீல் பிரிக்காமல் அலமாரியில் வைப்பார்கள். அது வேறு வியாதி, எனக்கு அந்த வசதியும் இல்லை.

இன்னொன்று, ஒரு பெட்டிக்கு மட்டும் என்ற அந்தத் தூண்டில் இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பிளேஸ்டேஷனின் காட் ஆஃப் வார் 2022-இல் கம்ப்யூட்டருக்கு வந்தது, எக்ஸ்பாக்ஸின் ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார் ரேஸ் 2025-இல் பிஎஸ் 5-க்கே வந்துவிட்டது. நின்டென்டோ மட்டும் மசியவில்லை.

ஆகவே தம்பியிடம் எந்தக் கன்சோல் வேண்டும் என்று கேட்காதீர்கள், எந்தக் கேம் விளையாடப் போகிறாய் என்று பெயரைக் கேளுங்கள். மாரியோ, செல்டா, போக்கிமான் என்று ஆரம்பித்தால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது, வாங்கித் தருவதும் தராததும் உங்கள் பாடு. ஃபுட்பால், கார், துப்பாக்கிச் சண்டை என்று பொதுவாக இழுத்தான் என்றால் அநேகமாக அவனிடம் இருக்கும் பிளேஸ்டேஷனிலேயே அந்தக் கேம் இருக்கும், அதன் ஆன்லைன் கடையைத் திறந்து காட்டிவிடுங்கள். எதற்கும் அவன் ஏற்கெனவே வாங்கிய கேம்களில் எத்தனையை முடித்தான் என்றும் கேட்டுப் பாருங்கள். என்னை யாராவது கேட்டால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.