'அட் லாஸ்ட்' ஏன் அடிபட்டது?

அறிக்கையின் நன்றிப் பத்தியை 'அட் லாஸ்ட்' என்று தொடங்கியதை மேலாளர் அடித்துவிட்டார், 'இன் தி எண்ட்' என்று மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அதுவும் அங்கே பொருந்தாது.

தமிழில் 'கடைசியில்' என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறது. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. 'அட் லாஸ்ட்' என்றால் 'அப்பாடா, ஒருவழியாக!' நெடுநாள் காத்திருந்தது நடந்தால்தான் அதற்கு வேலை. நன்றி சொல்லும் இடத்தில் போட்டால், வேண்டா வெறுப்பாகச் சொல்வது போல ஒலிக்கும். வரிசையில் கடைசிக் கருத்து என்றால் 'லாஸ்ட்லி' அல்லது 'ஃபைனலி', பின்னால் ஒரு காற்புள்ளி. 'ஃபைனலி'க்கு 'ஒருவழியாக' என்ற பொருளும் உண்டு என்பதால் உங்கள் அறிக்கைக்கு 'லாஸ்ட்லி'யே என் தேர்வு.

'இன் தி எண்ட்' இழுபறிக்குப் பின் வந்த முடிவைச் சொல்வது. ரயிலா பஸ்ஸா என்று யோசித்து, 'இன் தி எண்ட், வி டுக் தி பஸ்'. இதன் பின்னால் 'ஆஃப்' வராது. 'அட் தி எண்ட்' அப்படியல்ல, ஒன்றின் முடிவுப் புள்ளியைக் காட்டும். பெரும்பாலும் 'ஆஃப்' கேட்கும்: 'அட் தி எண்ட் ஆஃப் தி மீட்டிங்'. பலர் இங்கே 'இன்' போட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கெடு சொல்லும்போது மட்டும் 'பை தி எண்ட் ஆஃப் தி மந்த்' என்று எழுதுங்கள். 'அட்' போட்டால் மாத முடிவில்தான் தருவீர்கள். 'பை' போட்டால் 20-ஆம் தேதியே கொடுத்தாலும் சரி.