அலாஸ்கா கப்பல் பயணம்: ஸ்டென்ட் வைத்தவர் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 67. பதினான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். புராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின். சியாட்டிலில் இருக்கும் மகள் வரும் ஜூலையில் எங்களை ஏழு நாள் அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு அழைத்துச் செல்ல முன்பணம் கட்டிவிட்டாள். ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன், கனடாவின் விக்டோரியா ஆகிய துறைமுகங்களில் கப்பல் நிற்குமாம். மனைவிக்கு வயது 63, இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறார். கொடைக்கானல் மலைப்பாதையிலேயே அவருக்கு வாந்தி வந்துவிடும். நடுக்கடலில் எனக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது? முன்னெச்சரிக்கையாக இருவருமே வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மாரடைப்பு வந்து ஓராண்டு கடந்து, இடைப்பட்ட காலத்தில் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல், இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏற உங்களால் முடிகிறது என்றால், இந்தப் பயணத்துக்கு இதயம் தடையாக இருக்காது. கப்பல் பயணம் இதயத்துக்குத் தனியாக எந்தச் சுமையையும் தருவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரைப் பட்டியலைப் பார்த்தபோது, நெஞ்சுவலியைவிட வாந்தியும் பேதியும்தான் உங்கள் பயணத்தைக் கெடுக்கக்கூடியவை என்று எனக்குத் தோன்றியது. ஆகவே இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகவும் மற்றதைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மாரடைப்புக்குப் பின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக 12 மாதங்களுக்குத்தான். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டதால், இரண்டையும் தொடர வேண்டுமா, ஒன்றை நிறுத்தலாமா என்று அவரிடம் கேளுங்கள். மாற்றம் ஏதும் செய்வதானால் அதை இப்போதே செய்து, ஊரில் இருக்கும்போதே சில வாரங்கள் கவனித்துவிட்டுப் புறப்படுவதே முறை. எக்காரணம் கொண்டும் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அண்மைய இ.சி.ஜி. ஒன்றையும், எக்கோ அறிக்கையையும், ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கப்பல் மருத்துவர் புதிதாக எடுக்கும் இ.சி.ஜி.யை எதனுடன் ஒப்பிடுவது என்று தவிக்காமல் இருக்க அது உதவும்.

பெரிய கப்பல்களில் மருத்துவரும் செவிலியர்களும் கொண்ட மருத்துவ மையம் உண்டு. இ.சி.ஜி., எக்ஸ்ரே, அடிப்படை இரத்தப் பரிசோதனைகள், தாறுமாறான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் ஆகியவை இருக்கும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் பெரும்பாலும் இருக்கும். ஆஞ்சியோ செய்யும் வசதி இருக்காது. ஜூனோவிலும் கெச்சிகனிலும் மருத்துவமனைகள் உள்ளன, ஸ்காக்வேயில் சிறிய கிளினிக் மட்டுமே. ஜூனோ மாநிலத் தலைநகரம்தான் என்றாலும், வெளியூரிலிருந்து அங்கே போக சாலையே கிடையாது. கடல் அல்லது வான் வழியாகத்தான் போக முடியும். எனவே பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நோயாளியை விமானத்தில் சியாட்டிலுக்கோ ஆங்கரேஜுக்கோ கொண்டுசெல்வார்கள், அதற்கான செலவு நம் ஊர்க் கணக்கில் நினைத்துப் பார்க்க முடியாதது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அவசர விமான மாற்றத்துக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் பாருங்கள். முகவர் வாயால் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

நெஞ்சு வலித்தால் முதலில் உட்காருங்கள். உங்கள் மருத்துவர் சார்பிட்ரேட் கொடுத்திருந்தால் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நாக்கின் அடியில் வையுங்கள். டாம்சுலோசினும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால், நின்றுகொண்டு சார்பிட்ரேட் வைத்தால் தலைசுற்றி விழக்கூடும். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லையென்றால், அது வாயுவா, அஜீரணமா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அறைத் தொலைபேசியில் மருத்துவ அவசர எண்ணை அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் சார்பிட்ரேட் கூடவே கூடாது. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

இனி வாந்தி. உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு, உடல் ஆடுகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிப்படுகிறது. கொடைக்கானல் பேருந்தில் நடப்பதும் இதுவேதான். வான்கூவரில் புறப்படும் கப்பல்கள் தீவுகளுக்கு இடையிலான அமைதியான நீர்ப்பாதையில் அதிக நேரம் செல்கின்றன. சியாட்டிலில் புறப்படும் பல கப்பல்களோ வான்கூவர் தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த பசிபிக் பெருங்கடல் வழியாகப் போகின்றன. ஆகவே உங்கள் மனைவிக்குச் சோதனை முதல் இரவும் மறுநாளும்தான். அதன்பின் அலாஸ்காவின் கால்வாய்களுக்குள் நுழைந்துவிட்டால் நீர் பெரும்பாலும் ஏரிபோல் கிடக்கும். பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகியும் விடும். திரும்பும் வழியில் மீண்டும் ஒரு நாள் ஆட்டம் இருக்கலாம்.

மகள் முன்பணம் கட்டியிருந்தாலும் அறையை மாற்றக் கேட்கலாம். கப்பலின் நீளவாக்கில் நடுவிலும், கீழ்த்தளங்களிலும் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. மேல்தளத்து பால்கனி அறையில் காட்சி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வாளியைக் கட்டிக்கொண்டு காட்சி பார்ப்பதில் என்ன இன்பம்? குமட்டல் தொடங்கும்போதே வெளியே வந்து, தொடுவானத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பது அதைக் கூட்டும். இஞ்சி ஓரளவு உதவும், கெடுதல் இல்லை.

மாத்திரையைப் பொறுத்தவரை, நம் வீடுகளில் வாந்தி என்றதும் கைக்கு வரும் டொம்பெரிடோன், ஒண்டான்செட்ரான் போன்றவை பயண வாந்திக்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை, ஏனென்றால் அந்த வாந்தியின் தொடக்கம் வயிற்றில் இல்லை, உள்காதில் இருக்கிறது. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டினும் இதற்கானது அல்ல. சின்னரிசின், மெக்லிசின், புரோமெதசின் போன்றவையே இதற்குரியவை. உங்கள் மனைவிக்கு நான் சின்னரிசின் 25 மில்லிகிராமைப் பரிந்துரைப்பேன். கப்பல் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒன்று, பிறகு தேவைக்கேற்ப எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஆட்டமுள்ள நாட்களில் மட்டும். அமெரிக்க மருந்துக் கடைகளில் சின்னரிசின் கிடைக்காது, இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள். மறந்துவிட்டால் அங்கே மெக்லிசின் மருந்துச் சீட்டு இல்லாமலேயே கிடைக்கும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. குறுங்கோணக் கண்ணழுத்த நோய் (ஒரு வகை குளுக்கோமா) இருந்தால் இவற்றைக் கண் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. நடுக்க வாதம் (பார்க்கின்சன் நோய்) இருந்தால் சின்னரிசின் வேண்டாம். எதுவானாலும் புறப்படும் முன் ஊரில் ஒரு நாள் ஒரு மாத்திரை போட்டுப் பாருங்கள். எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வாந்தி வந்த பிறகு மாத்திரை விழுங்கிப் பயனில்லை என்பதையும், ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கச் சிறு படகில் ஏறுவதானால் அதற்கும் முன்கூட்டியே ஒன்று தேவைப்படும் என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள். பெரிய கப்பலில் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் சிறு படகில் ஏறித் தவிப்பவர்கள் உண்டு.

நீங்களும் முன்னெச்சரிக்கையாக அதே மாத்திரையைப் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். இவ்வகை மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துபவை. புராஸ்டேட் வீங்கியவருக்கு அது சிறுநீரை அடியோடு நிறுத்திவிடக் கூடும். என்னிடம் வரும் ஒருவர், மனைவிக்குத் துணையாக ஒரு புரோமெதசின் மாத்திரை போட்டுக்கொண்டு, அந்தமான் கப்பலில் இரவு முழுவதும் கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடந்தும் சொட்டுச் சிறுநீர் வராமல், விடிந்ததும் கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாய் போட்டுத்தான் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றினார்கள். உங்களுக்குப் பயண வாந்தி வரும் பழக்கமும் இல்லை. மேலும் தூக்கக் கலக்கத்தில், ஆடும் தளத்தில், இரண்டு இரத்தம் உறையாமை மாத்திரைகள் சாப்பிடுபவர் தலை அடிபட விழுவது சிறிய விஷயம் அல்ல. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டையை யாராவது நீட்டினாலும் இதே காரணத்தால் மறுத்துவிடுங்கள், அது முதியவர்களுக்கு மனக்குழப்பத்தையும் தரக்கூடியது.

அடுத்தது பேதி. கப்பலில் பரவும் வயிற்று நோய்களில் நோரோவைரஸ் முதன்மையானது. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் தானாக நின்றுவிடும். இளைஞருக்கு அது வெறும் தொல்லை, உங்களுக்கு அப்படி அல்ல. சாப்பிட முடியாமல் கிடக்கும்போது கிளிமிபிரைடு விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நீர் வற்றிய உடலில் மெட்ஃபார்மின் இரத்தத்தில் அமிலத்தைச் சேர்க்கக் கூடும். டாபாகிளிஃப்ளோசினோ சிறுநீரோடு நீரை மேலும் வெளியேற்றுவதோடு, குளுக்கோமீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலப்பொருள் ஏறவும் வழிசெய்யும். ஆகவே வாந்தி, பேதியால் சரியாகச் சாப்பிட முடியாத நாளில் இந்த மூன்றையும் நிறுத்திவைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் குடித்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். ஒரு முழு நாளாவது வழக்கம்போல் சாப்பிட்ட பிறகே மீண்டும் தொடங்குங்கள். உங்கள் மனைவியும் அத்தகைய நாளில் டெல்மிசார்ட்டனை நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் நிற்கக் கூடாது. வாந்தியில் அவை தங்கவில்லை என்றாலோ, ஓ.ஆர்.எஸ். கூட நிற்கவில்லை என்றாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ உடனே கப்பல் மருத்துவரைப் பாருங்கள். இந்த ஏற்பாட்டை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் காட்டி, அவர் கையால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தடுக்கும் வழி எளியது. உணவுக்கூட வாசலில் கையில் தெளிக்கும் சானிடைசர் நோரோவைரஸைச் சரிவரக் கொல்வதில்லை, சோப்பும் நீரும் கொண்டு இருபது வினாடி தேய்த்துக் கழுவ வேண்டும். பஃபே கரண்டியைப் பிடித்த கையோடு ரொட்டியைப் பிட்டு வாயில் போடாதீர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 85-உம் அதற்குக் கீழும் தோல்வி. உங்கள் கப்பலின் மதிப்பெண்ணை மகள் இணையத்தில் பார்த்துச் சொல்லலாம். பேதி வந்தால் அறைக்குள் இருக்கச் சொல்வார்களே என்று மறைப்பவர்கள் உண்டு. அந்த மறைப்பில்தான் நோய் பரவுகிறது.

கோடைதானே என்று ஃப்ளூ தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். 1998 கோடையிலேயே அலாஸ்காவுக்கும் அதை ஒட்டிய கனடாவின் யூகானுக்கும் வந்த சுற்றுலாப் பயணிகளிடையே இன்ஃப்ளூயென்சா பரவியது. புறப்படுவதற்கு இரண்டு வாரமாவது முன்பு போட்டுக்கொள்ளுங்கள். நிமோனியா தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இருந்தால் அதையும் கேளுங்கள்.

கரையிறங்கும்போது குளிர்காற்றை மதியுங்கள். ஜூலையிலும் பகலில் பதினைந்து பதினெட்டு டிகிரிதான் இருக்கும், பனிப்பாறை அருகே இன்னும் குறையும், கெச்சிகனில் மழை ஓயாது. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எதிர்காற்றில் மேடேறுவது நெஞ்சுவலியைத் தூண்டும். ஸ்காக்வேயில் மலையேறும் ஒயிட் பாஸ் ரயிலில் தாராளமாகப் போகலாம். உச்சி 2,865 அடிதான், நீங்கள் போய்வந்த கொடைக்கானலின் உயரத்தில் பாதிகூட இல்லை. குளிரில் நடந்துவந்த கையோடு கொதிக்கும் ஹாட் டப்பில் இறங்குவதை மட்டும் தவிருங்கள்.

சென்னையிலிருந்து சியாட்டில் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது, அலாஸ்கா இன்னும் ஒரு மணி நேரம். விமானத்தில் இந்திய நேரப்படியே மாத்திரை எடுத்து, இறங்கிய பின் அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். இடையில் சில மணி நேரம் முன்பின் ஆனால் பாதகமில்லை, இரட்டை வேளை மட்டும் கூடாது. கிளிமிபிரைடு எப்போதும் சாப்பாட்டோடுதான். பயண நாட்களைப் போல் இரு மடங்கு மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் காலை மாத்திரையையும் அதற்குள் போட்டு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நிற்பது பலருக்கும் நடப்பது.

சியாட்டிலில் இறங்கிய பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவதுபோல் உங்கள் மனைவிக்குத் தோன்றலாம், குறிப்பாகக் குளிக்கும்போது கண்ணை மூடினால். அது பக்கவாதமோ இரத்த அழுத்தமோ அல்ல, கப்பலின் ஆட்டத்துக்குப் பழகிய மூளை நிலத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அவகாசம். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். பேச்சுக் குழறலோ ஒரு பக்கம் பலவீனமோ சேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் ஆட்டம் மட்டும் சில வாரம் நீடித்தால் ஊர் திரும்பிய பின் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.